கடை இல்லாத விலாசம்

"சைக்கிளா, அடுப்பா?"

கதவைத் திறந்த பெண் கேட்ட முதல் கேள்வியே இதுதான். எக்பெர்ட் திகைத்துப் போனார். காஸெல் நகரத்திலிருந்து இருட்டோடு கிளம்பி, வழி முழுக்க மழையில் வண்டி ஓட்டி, இந்தக் கடலோரக் கிராமத்துக்கு வந்திருந்தார். என்னென்ன சொல்லித் திட்டுவது என்று மனசுக்குள் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரு நொடியில் கலைந்துவிட்டது.

"சைக்கிள். மூணு சக்கர சைக்கிள்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆகஸ்ட்ல பணம் அனுப்பினேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு ஆணி கூட வரல. நீங்கதானா அந்த மகராசி?"

"உள்ள வாங்க. மழையில நின்னு கத்தினா தொண்டைதான் கட்டிக்கும்."

அவள் குரலில் அதட்டலும் இல்லை, பயமும் இல்லை. இதே பேச்சைப் பேசிப் பேசித் தீர்ந்துபோன அலுப்புதான் இருந்தது. அது எக்பெர்ட்டுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

சமையலறையில் ஒரு கிழவர் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். ஜன்னலில் ஒரு கண்ணாடி இருந்த இடத்தில் பலகை அடித்திருந்தது.

"இவர்தான் ஹாபோ. வீடு இவரோடது," என்றாள் அவள். "கடல் தண்ணி ஊருக்குள்ள வராம கட்டின கரையைப் பராமரிக்கிற வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். கம்ப்யூட்டர்னா டிவிக்குத் தம்பின்னு நினைக்கிறவர். இங்க கடையும் இல்ல, கிடங்கும் இல்ல. எவனோ ஒருத்தன் இவர் பேரையும் விலாசத்தையும் தூக்கி, இன்டர்நெட்ல தன்னோட போலிக் கடைப் பக்கத்துக்கு அடியில போட்டுட்டான்."

"இதை நான் எப்படி நம்புறது?"

"பின்னாடி கொட்டகை திறந்துதான் இருக்கு. வர்றவங்க எல்லாரும் பார்த்துட்டுத்தான் நம்புறாங்க."

எக்பெர்ட் போய்ப் பார்த்தார். ஒரு மண்வெட்டி, உருளைக்கிழங்கு மூட்டை, துருப்பிடித்த கைவண்டி. அவ்வளவுதான். திரும்பி வந்தார். இத்தனை தூரம் அவரை இழுத்து வந்ததே அந்தக் கோபம்தான். அது இப்போது இறங்கிவிட்டது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

அவள் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். ஒரு அலமாரியைத் திறந்து மூடினாள். இன்னொன்றைத் திறந்து பார்த்தாள். கடைசியில் கற்கண்டு டப்பா ரொட்டிக் கூடைக்குப் பின்னால் கிடைத்தது.

"யாருக்கு அந்த சைக்கிள்?"

"என் மனைவி ஹெட்விக்குக்கு. பக்கவாதம் வந்து எழுந்தவ. ரெண்டு சக்கரத்துல நிதானம் தவறுது. ஆத்தங்கரை வரைக்கும் தானாவே ஒருதடவை போயிட்டு வரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா. மத்த கடையில விக்கிறதுல பாதி விலை போட்டிருந்தான், அதான்..."

"முதல் பக்கத்துல கார்டு, பொருள் வந்தப்புறம் பணம், அது இதுன்னு எல்லாத்துக்கும் படம் போட்டிருப்பான்."

"ஆமா. கடைசிப் பக்கத்துக்குப் போனா..."

"முன்கூட்டியே பேங்க்ல அனுப்புறது மட்டும்தான் இருக்கும். அதுக்கும் ஒரு தள்ளுபடி. அக்கவுண்ட் வேற நாட்டுல, வேற எவனோ பேர்ல."

எக்பெர்ட் தலையை ஆட்டினார். எத்தனை பேர் வந்து புலம்பினார்களோ, இவளுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"கார்டுல கட்டியிருந்தா பேங்க்காரன்கிட்ட சண்டை போட்டாவது பார்க்கலாம். நாமளே கைப்பட அனுப்பினது வர்றது கஷ்டம். போலீஸ்ல எழுதிக் கொடுங்க. பேங்க்லயும் சொல்லுங்க. ஆனா இன்னிக்கு வரும் நாளைக்கு வரும்னு தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க."

அப்போதுதான் கிழவர் முதல்முறையாக வாய் திறந்தார். "போலீஸ்ல எழுதும்போது, அந்த வீட்டுக்காரன் திருடன் இல்லைன்னும் ஒரு வரி சேர்த்துக்குவீங்களா?"

எக்பெர்ட்டால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "கட்டாயம் எழுதுறேங்க," என்றார் தேநீர்க் கோப்பையைப் பார்த்து.

அங்கிருந்தே ஹெட்விக்குக்கு போன் போட்டார். நடந்ததை மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

"நீ என்ன சொல்ற?"

"என்னத்தச் சொல்ல?" என்றாள் ஹெட்விக், நாக்கு இன்னும் முழுசாகத் திரும்பாத அந்தக் குழறலில். "மெதுவா ஓட்டிக்கிட்டு வாங்க. ஆத்தங்கரை எங்கயும் ஓடிப் போயிடாது. நீங்க கையைப் பிடிச்சுக்குங்க, நடந்தே போவோம்."

எக்பெர்ட் போனைச் சட்டைப்பையில் வைத்தார். கொஞ்ச நேரம் அந்தப் பையின் மேலேயே கை இருந்தது.

கிளம்பும்போது கிழவர் எழுந்து வந்து கை கொடுத்தார். அவள் வாசல்வரை கூட வந்தாள். மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை.

"மன்னிச்சுக்குங்கம்மா. வந்ததும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்," என்றார் எக்பெர்ட். "நல்லவேளை, பெரியவருக்கு மகள்னு நீங்க ஒருத்தர் கூட இருக்கீங்க. இல்லேன்னா என்னை மாதிரி ஆளுங்க அவரைப் பிய்ச்சுப் போட்டிருப்பாங்க."

அவள் பதில் சொல்வதற்குள் தெருமுனையில் இன்னொரு கார் மெல்லத் திரும்பியது. ஓட்டுகிறவன் கண்ணாடியை இறக்கி, வீட்டு எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான். அவள் பெருமூச்சு விட்டு, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"மகளா? உங்களை மாதிரியே ஏமாந்து, போன மாசம் அவர் சட்டையைப் பிடிக்க வந்தவ நான்!"