இரண்டு ஜெர்மன்காரர்களின் கேசட்

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் பத்தொன்பது வருடமாக மர டிரம்மில் தோலைப் போட்டுச் சுழற்றி எடுக்கிறவர் யோபு. மத்தியானம் சோறு தின்றுவிட்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தால் அவருக்கு எழுந்திருக்கவே மனம் வராது. அன்று குமாஸ்தா நஸீர், சரக்குப் பார்க்க வந்த ஜெர்மன்காரர் விட்டுப்போன கேசட்டைப் போட்டான். அட்டையில் கோட்டுப் போட்ட இரண்டு பேர் சிரிக்காமல் நின்றார்கள்.

"ரெண்டே பேருண்ணே. ஸ்டுடியோல உக்காந்து எல்லாம் கரண்டு வாத்தியத்துலயே போட்டிருக்கானுங்க."

முதல் பாட்டில் ஒரு மர டிரம் சுழலும் சத்தம் கேட்டது. கூடவே 'டொக்' என்று ஒரு தட்டல். தன் டிரம்மை ஓட்டும் பெல்ட் அறுந்துபோக, அதைப் போன வெள்ளிக்கிழமைதான் யோபு தோல் வாரால் தைத்திருந்தார். அந்தத் தையல் சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் இப்படித்தான் தட்டுகிறது.

நடுவில் யாரோ இருமினார்கள். மூன்று சின்ன இருமல், பிறகு ஒரு நீண்ட இழுப்பு. மழைக்காலத்திலிருந்து யோபுவை விடாத அதே இருமல்.

"இது எப்போ எடுத்தது தம்பி?"

நஸீர் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். "எழுபத்தொம்போதுண்ணே. ஆறு வருஷம் ஆச்சே."

பயப்படக்கூட யோபுவுக்கு அலுப்பாக இருந்தது. இரண்டாவது பாட்டில் இருமல் ஜாஸ்தியானது. மூன்றாவதில் அவர் அதற்காகக் காத்திருந்தார். டிரம் சுழன்றது. பெல்ட் தட்டியது. கேசட் தீரும்வரை இருமல் மட்டும் வரவே இல்லை.

"இதாண்ணே இருக்கறதுலயே நல்ல பாட்டு," என்றான் நஸீர். "நடுவுல ஒரு தொந்தரவும் இல்ல."