கழன்ற ரப்பர் குழாய்

பட்டறையில் மூடி திறந்து நிற்கும் கார், நின்ற இடத்திலேயே குளிர்காய்ச்சல் கண்டதுபோல் உதறுகிறது; கூரைத் தகரமே பிய்த்துக்கொண்டு பறந்துவிடும் போலிருக்கிறது. "உங்க பொண்ணு ஓட்டுற லட்சணம் இதுதான் மாமா," என்று பக்கத்தில் நிற்கும் மனைவியைக் காட்டுகிறார் மாப்பிள்ளை. மாமனார் கரி படிந்த நகங்களைப் பைக்குள் ஒளிக்கிறார். நேற்று அந்த எஞ்சினில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம் என்கிற அளவுக்குத் தேய்த்துத் துடைத்தவர் அவர்தான்; பார்த்தவள் மகள் ஒருத்திதான். மெக்கானிக் ஒரு ரப்பர் குழாயின் திறந்த வாயை விரலால் அடைக்கிறார். உதறல் சட்டென்று அடங்குகிறது. "இங்கதான் காத்து இழுக்குது. தானா கழண்டிருக்காதே, யாரு கை வச்சது?" மாமனார் கைகளைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் திணிக்கிறார். "நான்தாண்ணே, துடைக்கிறேன்னு இழுத்துட்டேன்," என்கிறாள் மகள். "நான் சொல்லல?" என்று மாப்பிள்ளை சிரிக்கிறார். மகளின் முகத்தைப் பார்க்காமல், மாமனாரும் கூடவே சிரித்துத் தொலைக்கிறார்.