மூன்றாவது செயின்

“மறுபடியும் செயினாடா? ஆன்லைன்காரன் உன்னை நல்லா ஏமாத்துறான்!” தெருவே கேட்கும்படி கத்தினாள் ஆனந்தம்மாள்.

“இந்தப் பழைய வண்டிக்கு வேற எங்க கிடைக்குது? கடல் காத்துல எல்லாம் துருப்பிடிச்சு அறுந்துடுதும்மா. பாண்டியில டெலிவரி வேலைக்குச் சொந்த வண்டி கேக்குறாங்க. வேலையில்லாம மெர்லினை எனக்குக் கட்டிக் குடுப்பாங்களா?” என்றான் மகன் பெலிக்ஸ்.

“குடுத்துட்டா? அந்த மினுக்கி பாண்டியிலயே குடித்தனம்னு உன்னை இழுத்துக்கிட்டுப் போயிடுவா!”

பெலிக்ஸ் செயினை மாட்டிவிட்டுக் குளிக்கப் போனான்.

உப்பளத்து வேலையிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்திருந்த பாத்தி உப்புத் தண்ணீரை, ஆனந்தம்மாள் வழக்கம்போலப் புதுச் செயின்மேல் ஊற்றினாள்.

தை மாதம் மெர்லினைத் திண்டிவனத்துக்காரன் கட்டிக்கொண்டு போனான். ஆனந்தம்மாள் இப்போது அந்தச் செயினுக்குத் தினமும் எண்ணெய் போடுகிறாள். ஓட்டுவதற்குத்தான் ஆளில்லை, பெலிக்ஸ் குவைத்துக்குப் போய்விட்டான்.