டியூஷன் டீச்சர்

கொரோனா ஊரடங்கில் திருத்தணி மலைக்கோயிலுக்கே லீவு விட்டாயிற்று. ஆஸ்பத்திரி ஆலோசகர் வசுமதிக்கு மட்டும் இல்லை. எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகள் மாத்திரை போட்டார்களா என்று தினமும் ஃபோனில் கேட்டுக் கேட்டுத் தொண்டை காய்ந்திருந்தது.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியான ஃபர்ஹா வீட்டில் அவளுக்கு டியூஷன் டீச்சர் வேஷம். விஷயம் தெரிந்தால் சின்னம்மா வீட்டைவிட்டே துரத்திவிடுவாள் என்று அந்தத் தாயில்லாப் பெண்ணுக்குப் பயம்.

இன்று சின்னம்மா ரம்ஜான் பீயே ஃபோனை எடுத்தாள்.

"டியூஷன் டீச்சருங்க. ஃபர்ஹா இருக்காளா?"

"நல்ல வேளை கூப்டீங்க டீச்சரம்மா. ரெண்டு நாளா மாத்திரைய ஜன்னலாண்ட துப்பிட்டு வர்றா. எங்கக்காவும் இப்டி துப்பித்தான் போய்ச் சேந்தா. நீங்க அதட்டுங்க."

"நீங்களே அதட்டலாமேங்க?" என்றாள் வசுமதி.

"எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா கூச்சப்பட்டுகினு எங்கனா போய்டுவா."

பிறகு அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது: "அடியே, டியூஷனுக்கு டீச்சர் கூப்பிட்றாங்க பாரு!"