ரோஷினியின் விலாசம்

“ரோஷினி அம்மாவைப் பாக்கணும் அண்ணாச்சி. பாக்காமப் போக மாட்டேன்.”

நல்லசிவம் தலையைத் தூக்கவில்லை. திருத்தங்கலில் அச்சகம் அவருடையது. மாத நாவல்களும் போடுகிறார். காலண்டர் சீசன். உள்ளே மிஷின் இரைந்துகொண்டிருந்தது.

“எழுதுறவங்களை நேர்ல பாக்க முடியாதும்மா. பாராட்டுன்னா ஒரு கார்டு போடு. சேத்துருதேன்.”

“பாராட்ட வரலை.”

வேல்விழி பைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். போன மாதம் வந்த நாவல். அட்டையில் தீ. பின்னட்டையில் கண்ணாடி போட்ட ஒரு பெண்ணின் படம். ஆமத்தூர் தீப்பெட்டி ஆபீசில் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்ததில் ஓரமெல்லாம் மருந்துக் கறை. அவள் முறை வந்து படித்ததிலிருந்து தூக்கமில்லை.

“இதுல வர்ற பட்டாசு ஷெட்டு எனக்குத் தெரியும் அண்ணாச்சி.”

“கதைம்மா அது. ஒரு மாசம் பேய், ஒரு மாசம் காதல், ஒரு மாசம் தீ. சனங்க கேக்குறதைப் போடுதோம்.”

“செக்கிங் ஜீப்பு வருதுன்னு தகவல் வந்ததும், ஆளை உள்ள வச்சு வெளிய பூட்டுறாகளே, அது கதையா?”

நல்லசிவம் சிரித்தார். “இந்தச் சுத்துப்பட்டுல அது யாருக்குத் தெரியாது? லைசென்ஸ் இல்லாத ஷெட்டுன்னா பூட்டத்தான் செய்வான். ஜீப்பு போனதும் தெறப்பான். இதைக் கேக்கவா பஸ் ஏறி வந்த?”

“பூட்டுல சாவி திரும்பலை. சைக்கிள் கம்பியை விட்டு நெம்பி அதைப் பூட்டுறான். உள்ள இருந்து ஒரு பிள்ளை, ‘எண்ணே, மருந்து சூடாகுது, பூட்டாதண்ணே’ன்னு கெஞ்சுது. அவன், ‘செத்த நேரம் பொறு தாயி, கத்தாத’ங்கான். இதும் எல்லாருக்கும் தெரியுமா?”

அவர் பேனாவை மூடி வைத்தார்.

“கதையில வேற பேரு. நெசத்துல அவ மாரித்தாய். என் கூடப் படிச்சவ. ஷெட்டு வெடிச்ச அன்னிக்கு அவளை மட்டுந்தான் உசுரோட ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு போனாக. ‘பூட்டாதண்ணேன்னு சொன்னேனே’ன்னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் செத்தா. யாருகிட்டன்னு சொல்லலை. நானும் அதை வெளிய சொல்லலை. அப்ப இந்தப் பொஸ்தகத்துக்குள்ள அது எப்படி வந்துச்சு?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“பூட்டுனவன் காதுல விழுந்திருக்கணும். இல்லாட்டி அவன் பக்கத்துல நின்னவுக காதுல விழுந்திருக்கணும். எழுதுன அம்மாவுக்கு அந்த ஆளைத் தெரியும் அண்ணாச்சி.”

“சரி, தெரிஞ்சிருக்கட்டும். உனக்கு என்ன ஆகணும்?”

“பூட்டுனது எம் புருசன் முனியராஜ்னு உள்ள வச்சிருக்காக.”

சொல்லும்போது அவள் குரல் உடையவில்லை. மூன்று வருடமாகச் சொல்லிச் சொல்லிக் காய்ந்துபோன வார்த்தைகள்.

“போர்மேனாம், சாவி அவருகிட்டதான் இருக்குமாம். அன்னிக்கு அவரு சாத்தூர்ல லோடு ஏத்திக்கிட்டிருந்தாரு. பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனாரு. கோர்ட்டு நம்பலை. பாளையங்கோட்டை ஜெயில்ல கிடக்காரு. இப்ப மதுரையில அப்பீலு வருது. ரோஷினி அம்மா வந்து ஒரு வார்த்தை சொன்னா, எம் புருசன் வெளிய வந்துருவாரு.”

நல்லசிவம் புத்தகத்தை அவள் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

“மாரித்தாயைப் பெத்த அம்மா என்னையக் குழாயடியில கண்டா, பாதிக் குடத்தோட போயிருது. எம் மகனைப் பள்ளிக்கூடத்துல பூட்டுக்காரன் மகன்னு கூப்பிடுறானுக. உண்மை வெளிய வரும், அன்னிக்கு மூஞ்சிய எங்கன கொண்டு போயி வைப்பீகன்னு ஒருத்தர் விடாமச் சண்டை போட்டிருக்கேன். அந்த உண்மை இந்தா, அச்சடிச்சு வந்திருக்கு.”

அவர் எழுந்து போய் மிஷினை நிறுத்தச் சொன்னார். பானையிலிருந்து தானே தண்ணீர் மோந்து வந்து கொடுத்தார். அவள் வாங்கவில்லை.

“வீட்டுக்குப் போ தாயி. ரோஷினின்னு ஆளே கிடையாது. அந்தப் படத்துல இருக்கது என் கொழுந்தியா. பேய்க்கதைக்கு ஒரு பேரு, காதலுக்கு ஒரு பேரு, துப்பறியுறதுக்கு ஒரு பேரு. அம்புட்டையும் எழுதுறது ஒரே ஆளுதான்.”

“அந்த ஆளு எங்கன இருக்காரு?”

“வேண்டாம். கேக்காத.”

“பயப்படுதீக. பட்டாசுக் கம்பெனிக்காரன் உங்களுக்குக் காலண்டர் ஆர்டர் கொடுக்கான். அதான?”

“அப்படியே வச்சுக்கோ.”

“இருக்கட்டும். நாளைக்கு வக்கீலோட வாரேன். கூண்டுல ஏத்திக் கேட்டா, எழுதுனது யாருன்னு சொல்லித்தான ஆகணும்?”

புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள்.

“வக்கீலைக் கூட்டியாந்துறாத தாயி.” நல்லசிவத்தின் குரல் இறங்கிவிட்டது. “கோர்ட்டுல கேட்டா என்னால பொய் சொல்ல முடியாது.”

வேல்விழி திரும்பி நின்றாள்.

“மாசாமாசம் பாளையங்கோட்டைக்குப் போயி, மனுப் போட்டுப் பாத்து, எழுதி வச்சிருக்கதை நாந்தான் வாங்கியாரேன். ‘எம் பொண்டாட்டி கதைப் பொஸ்தகம் ஒண்ணு விடமாட்டா அண்ணாச்சி, முனியராஜ்ங்கிற பேரை மட்டும் போட்டுறாதீக’ன்னாரு.”