உதடு மூடிய காட்சி

அந்த ஜப்பானிய அனிமே தொடரில் காதல் பைத்தியம் பிடித்த பெண் ஒருத்தி வருவாள். தான் விரும்பும் பையனைக் கண்டால் போதும், அவள் கண்கள் இரண்டும் இதயங்களாகிவிடும். நடுத்தெருவில் நின்று, "ஐயோ, உன்னை எனக்கு அவ்ளோ பிடிக்கும்!" என்று கத்துவாள். அவளுக்குத் தமிழில் குரல் கொடுப்பவள் பூங்கோதை. பையனின் குரல் வேறொரு நாளில் பதிவாகி, ஹெட்போன் வழியாக மட்டும் அவளிடம் வரும். அந்தக் குரலைக் காதுக்குள் வைத்துக்கொண்டேதான் அவள் பஸ் ஏறுவாள், சமைப்பாள், தூங்கிப்போவாள். இன்று அந்தக் குரலுக்குரிய மாறன் ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தன் முறைக்காக நின்றிருந்தான். கடைசிக் காட்சி. திரையில் அந்தப் பெண் முதல்முறையாக ஒன்றும் பேசாமல் பையனையே பார்த்தாள். பூங்கோதையின் வாய் தானாக, "உன்னை எனக்கு அவ்ளோ பிடிக்கும்" என்றது. மாறன் நிமிர்ந்தான்.

"அங்க டயலாக் இல்லையே மேடம், லிப் மூடியிருக்கு. இன்னொரு டேக் போலாமா?" என்றார் ஒலிப்பதிவாளர்.

காட்சி மறுபடி ஓடியது. பூங்கோதை உதடுகளை இறுக்கிக்கொண்டாள். திரையில் அந்தப் பெண் பையனை விட்டுவிட்டு, கண்ணாடிக்கு அப்பால் நின்ற மாறன் பக்கம் திரும்பி, மெல்ல வாயைத் திறந்தாள்.