இரண்டாவது கியர்
கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தது. மலையில் அத்தைக்குப் பத்திரிகை வைத்துவிட்டுத் திரும்பும்போது, இறக்கம் தொடங்கியதுமே தென்னவன் பைக்கை நியூட்ரலுக்குத் தள்ளி எஞ்சினை அணைத்தான். பின்னால் இருந்த, அவன் கட்டிக்கொள்ளப்போகும் எழிற்கொடிக்கு டயர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று வருஷம் இதே மலையில் வண்டியோட்டிக் கல்லூரிக்கு இறங்கியவள் அவள்.

"ரெண்டாவது கியர்ல போடுங்க. எஞ்சினே இழுத்துப் பிடிக்கும்."

"எம்.எஸ்சி.ல இதையுமா சொல்லிக்குடுத்தாங்க? பெட்ரோல் மிச்சம்டி. சும்மா உக்காரு."

மூன்றாவது வளைவில் கருகல் வாடை வந்தது. நாலாவதில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி தடுப்புச்சுவரை உரசிக்கொண்டே போய் மணலில் புதைந்து நின்றது. அவன் பிரேக் டிரம்மில் பாட்டில் தண்ணீரை ஊற்றினான்.

புகை அடங்கியதும் இருவரும் வண்டியைச் சாலைக்கு இழுத்தார்கள். அவள் முன்னால் ஏறி உட்கார்ந்து, உதைத்துக் கிளப்பினாள்.

"ஏய், நான் பின்னாலயா? கீழ நம்ம ஊர்க்காரங்க நிப்பாங்கடி."

"நிக்கட்டும். ஏறுங்க."

அவன் சாலையை மேலும் கீழும் பார்த்தான். ஏறவில்லை. இரண்டாவது கியரில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"எனக்கு விரல் வலிக்குது, தென்னவன்" என்றாள். பிறகு, அழுத்திப் பிடித்திருந்த கிளட்சை மெல்ல விடத் தொடங்கினாள்.